உள்ளே இருப்பவர்கள்

அந்த ஆறு மாடி அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரிப்போர்ட்டக்கா என்றே கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாக மேலதிகாரிகளுக்கு அறிக்கை தயாரிப்பவள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டாள். "பூட்டின கதவையே போய்ப் போய் இழுத்துப் பாக்குறவ" என்று அவள் கணவர் கேலி செய்வார்.

தீ விபத்துப் பயிற்சிக்காக ஒரு பட்டியல் கேட்டார்கள்: இந்த நிமிஷம் கட்டடத்துக்குள் யார் யார்? கதவில் கார்டைக் காட்டினால் கணினியில் நுழைவு ஒரு டேபிளிலும் வெளியேற்றம் இன்னொரு டேபிளிலும் பதிவாகும். வந்தவர்களில் வெளியேறாதவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் சூத்திரம் ஒன்றை எழுதி, அவள் ஒரு கால்குலேட்டட் டேபிளை உருவாக்கினாள். அதில் யாரும் கையால் எதையும் நிரப்புவதில்லை. சூத்திரம் கொடுப்பதுதான் வரும்.

பயிற்சியன்று மணி அடித்தது. எல்லோரும் வாசலுக்கு வந்தபின் மடிக்கணினியில் தரவைப் புதுப்பித்தாள். ஒரு வரி மட்டும் போகவில்லை. ஆவண அறைக்காரர், அடித்தளம், உள்ளே வந்து ஒன்பது நாள்.

"அவரு லீவுல இருக்காரும்மா. சம்சாரம் தவறிட்டாங்கல்ல. அந்த வரிய அழிச்சிடு" என்றார் மேலாளர்.

"அழிக்க முடியாது சார். சூத்திரம் திரும்பக் கொண்டுவந்துடும்."

"அப்போ ஒரு நாளுக்கு மேல இருந்தா காட்டாதேன்னு எழுதிடு."

எழுதினாள். பூஜ்யம் என்று காட்டியது. ஆனால் அவர் வெளியே போனதற்குப் பதிவே இல்லையே. எழுதியதை எடுத்துவிட்டு, காவலாளியைக் கூட்டிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள்.

ஆவண அறையில் ஆள் நடமாடினால்தான் விளக்கு எரியும். இவர்கள் நடக்க நடக்க, தலைக்கு மேல் ஒவ்வொன்றாக எரிந்தது. ஆனால் கடைக்கோடி விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அதன் கீழே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடி மண்டிய முகம். சுற்றிலும் பிஸ்கட் உறைகள். கல் மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"ஐயா, இங்க என்ன பண்றீங்க?"

"வீட்ல அவ சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாம்மா. தாங்கல. இங்க வந்துட்டேன்." என்றார் அவர். "முந்தாநாள்லேருந்து இங்கயும் கூப்பிடுறா."

அவள் அருகில் குந்தி, பட்டியலில் அவர் இருந்ததால்தான் தேடி வந்ததாகச் சொன்னாள்.

"பட்டியல்ல இங்க எத்தனை பேரு?"

"நீங்க ஒருத்தர்தான்யா."

அவர் தலையை ஆட்டினார். "அவளுக்கு ஏதும்மா கார்டு?"

அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அஞ்சா நெஞ்சன் என்று பெயரெடுத்த காவலாளிதான் முதலில் படியேறினார்.

வெளியூரிலிருந்து மகள் வந்து அவரை அழைத்துப் போனாள். நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவர், ஐந்தாம் மாடியில் ஜன்னலோர இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். உடம்பு தேறியிருந்தது. அவளைக் கண்டால் சிரிப்பார். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஒரு நாளுக்கு மேல் இருந்தால் காட்டாதே என்ற அந்த நிபந்தனையைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மேலாளர் இன்னொரு முறை கேட்டார்.

"வேணாம் சார்" என்றாள், அதோடு சரி.