இடைவேளை வரும்வரை தோளில்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூரையோரத் தகர வாய்க்காலில் அடைத்திருந்த மேப்பிள் இலைகளை வாரிப் போட்டது. நான் ஏணியில். அவர் கீழே, ஏணியைப் பிடித்தபடி.

"இடது மூலையப் பாரு ரெனி. அங்கதான் எப்பவும் அடைக்கும்."

"கீழேருந்து உங்களுக்கே தெரியுமே. பாருங்க."

அப்பாவின் தலை தனியாக இடது பக்கம் திரும்பாது. உடம்பு முழுவதையும் திருப்பினார். ஏணியிலிருந்து கை விலகியது. ஏணி ஆடியது.

"அப்பா, ஏணி!"

"விழுந்தா எப்படி விழணும்னு சொல்லித் தரேன், பயப்படாத."

அது சனிக்கிழமை. அடுத்த புதன்கிழமை காலையில், சமையலறையில் காப்பிக் கோப்பை அவர் கையில் நிற்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு. மருத்துவமனையில் தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து விரிசல் தேடுவது என் வேலை. வேறு என்ன செய்வதென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மருத்துவர் படத்தில் அப்பாவின் கழுத்தெலும்பு ஒன்றைக் காட்டினார். "இது பழைய முறிவு. கவனிக்காம விட்டிருக்காங்க, தானா கூடியிருக்கு. விபத்து ஏதாவது?"

"இல்லை" என்றேன். பிறகு "ஆமா" என்றேன். பிறகு தெரியாது என்றேன்.

அப்பா லெனார்ட் வொய்தாலா, டொலிடோவில் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தார். திங்கட்கிழமை மாலைகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு ஆற்றங்கரைத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போவார். உள்ளூர்ச் சேனலில் அந்த நிலையம் நடத்திய, யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்து நடிக்கும் மல்யுத்த நிகழ்ச்சிக்கு அவர்தான் நடுவர். நேரடி ஒளிபரப்பு. அதே நேரத்தில் நாடு முழுக்க வேறொரு சேனலில் அமெரிக்க ஃபுட்பால். இலையுதிர் காலம் தொடங்கினால் எங்கள் நிகழ்ச்சியைப் பார்க்க ஆள் இருக்காது.

ஒரே ஒரு வழி இருந்தது. ஃபுட்பாலில் பாதி ஆட்டம் முடிந்து வீரர்கள் உள்ளே போகும்போது, ஆண்கள் சோபாவிலிருந்து எழுந்து பீர் எடுக்கப் போவார்கள், சேனல் மாற்றிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இங்கே ஏதாவது உடைய வேண்டும். அதற்காக இயக்குநர் தன் பக்கத்தில் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஃபுட்பாலை ஓடவிட்டிருப்பார். இடைவேளை நெருங்கினால் அப்பாவின் காதிலிருக்கும் இயர்போனில் சொல்வார். அப்பா தரையில் படுத்து, விழுந்தவரின் தோள் தரையைத் தொடுகிறதா என்று பார்ப்பது போல் மல்லர்களிடம் கிசுகிசுப்பார். அதுவரை சோம்பலாக அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் திடீரென்று வெறி வந்துவிடும்.

வில்லன் வெண்டெல் ஃபிட்ச். 'கசாப்புக்காரன்' என்று பெயர். வில்லனும் நடுவரும் வெளியே சேர்ந்து தென்படக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். ஒரே கடைக்கு வந்துவிட்டால் ஒருவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார். எல்லாம் நடிப்பு என்று பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது. அப்பா சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா தேவாலயத்தில் பிங்கோ விளையாடப் போன பிறகு வெண்டெல் எங்கள் கராஜுக்கு வருவார். என் சைக்கிள் அங்கே இருந்ததால் எனக்கு மட்டும் தெரியும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவை அவர் தலைக்கு மேல் தூக்கிப் பழைய மெத்தையில் போட்டுப் பழகினார். கழுத்துப்பட்டை ஒன்று அட்டைப்பெட்டியோடு அலமாரியில் தயாராக இருந்தது. திங்கட்கிழமை அப்பாவுக்குக் 'கழுத்து முறிய' வேண்டும், இடைவேளையில்.

அந்தத் திங்கட்கிழமை இயக்குநர் புதியவர். ஃபுட்பாலில் இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருந்ததைப் பார்த்து, "தூக்கச் சொல்" என்றார். ஃபுட்பாலில் இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமில்லை. கடிகாரம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். வெண்டெல் அப்பாவைத் தூக்கித் தோளில் போட்டாகிவிட்டது. அப்பாவின் காதில் இயக்குநர், "வேண்டாம், வேண்டாம், இன்னும் இல்லை." மயங்கியவர் போல் தொங்கிக்கொண்டிருந்த அப்பா, "இன்னும் இல்ல" என்று வெண்டெலின் முதுகைப் பார்த்துச் சொன்னார். வெண்டெல் கோதாவுக்குள்ளேயே சுற்றி நடந்தார். பிறகு கீழே இறங்கிப் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்தார். ஒரு பாட்டி கைப்பையால் அவரை அடித்தாள். இடைவேளை வரவில்லை. திரும்ப மேலே ஏறினார். கை நடுங்குவது திரையிலேயே தெரிந்தது. பிறகுதான் அப்பா ஏதோ சொன்னார். வெண்டெல் அவரைப் பக்கத்திலிருந்த மேசைமேல் போட, மேசை உடைந்தது.

டொலிடோவில் வயதானவர்கள் இன்னமும் 'அந்த நடை' என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா பட்டையைக் கழற்றவில்லை. தேவாலயத்திலும், உலைப் பக்கத்திலும், படுக்கையிலும். அம்மா சூப் ஊட்டினாள். நான் அலமாரியில் பெட்டியைப் பார்த்தவள். என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது அந்த ஸ்கேன் படம். அவருக்கு வலித்ததா? வலித்தும் நடிப்பதாக நடித்தாரா? ஒருவேளை அவரே, தான் நன்றாக நடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாரா? கேட்க ஆளில்லை.

அடக்கத்துக்கு முந்தைய நாள் வெண்டெல் தொலைபேசியில் கூப்பிட்டார். சவப்பெட்டியை அவரும் தூக்க வேண்டுமாம். அப்பாவை அவர் கூப்பிடுவது லென்னி; லென்னி அப்படித்தான் சொல்லியிருந்தானாம். அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தத் தடியனா? அவன் ஒரு தடவை தூக்கினது போதும்."

எல்லாம் நடிப்பு என்று சொன்னால் அம்மா இளகலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அது உண்மையில்லை. உண்மையைச் சொன்னால் அம்மா சொல்வதுதான் சரி, வெண்டெல் வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவர் தேவாலயத்துக்கு வெளியே, தன் வண்டிக்குப் பக்கத்தில், தைத்து வெகுநாளான கோட்டில் நின்றார். உள்ளே வரவில்லை. நான் போனேன்.

"அன்னிக்கு அப்பாவ எப்படிப் போட்டீங்க?"

"முட்டை மாதிரி இறக்கினேன், கண்ணு. மேசைய முன்னாடியே பாதி அறுத்து வச்சிருந்தோம். உள்ள வந்து சிரிச்சான். உங்க அம்மா தொத்திறைச்சி வச்சுக் கட்டிக் குடுத்த கீல்பாசா ரொட்டிய எனக்கே குடுத்துட்டான்."

"அவர் சாப்பிடலையா?"

"பசிக்கலன்னான்."

"கழுத்தத் திருப்பினாரா?"

"பட்டைய மாட்டிக்கிட்டானே, எப்படித் திருப்புவான்? அசல் நடிகன் உங்கப்பன். நாங்களெல்லாம் சும்மா."

வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அதற்குள் அம்மா படியிறங்கி வந்துவிட்டாள்.

"ஃபிட்ச், ஒண்ணு கேக்கறேன். என் புருஷன் கழுத்த நீ ஒடச்சியா இல்லையா?"

வெண்டெல் என்னைப் பார்த்தார். லென்னி இவளிடம் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். லென்னி சொல்லாததை அவர் எப்படிச் சொல்வார்? முதுகை நிமிர்த்தினார்.

"ஆமாங்கம்மா. நான்தான் ஒடச்சேன்."

பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் உண்மையைச் சொன்னார். அங்கே நின்ற மூவரில் எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

அம்மா தேவாலயக் கதவைக் கை காட்டினாள். "இத்தன வருஷத்துல எனக்கு யாரும் நேரா பதில் சொன்னதில்ல. அவரும் சொன்னதில்ல. முன்னால போய் நில்லு, இடது பக்கம். இந்தத் தடவையாவது ஒழுங்கா எறக்கு."

"சரிங்கம்மா."

ஒழுங்காகத்தான் இறக்கினார். நான் பின்னாலேயே நடந்து அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டுமா, எதற்காகச் சொல்ல வேண்டும், யாருக்கு நல்லது? இதற்குச் சூத்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வெண்டெல் கூச்சத்தோடு என் பக்கத்தில் வந்தார்.

"ரெனி, இத இப்பக் கேக்கக் கூடாது. என் வண்டிக்குப் பனிக்காலத்துல மாட்டற டயர் நாலும் உங்க கராஜ்ல கெடக்கு. இந்தச் சனிக்கிழமை மாட்டித் தரேன்னான் லென்னி. எனக்குத் தோள் இன்னியோட சரி."

"சனிக்கிழமையே வாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். டயர்கள் நான்கும் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் எது எந்தச் சக்கரத்துக்கு என்று அப்பா சாக்பீஸால் எழுதியிருந்தார். வண்டியைத் தூக்கும் ஜாக்கியை எங்கே வைத்தார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.