எட்டாவது கோரிக்கை

சட்டமன்றத்தில் ஈஸ்வரன் எம்.எல்.ஏ. பேசியதெல்லாம் யோகலட்சுமி எழுதியது. இது காரைக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அவரே மேடையேறிச் சொல்லிவிடுவார். "எனக்குப் பேசத் தெரியாதுய்யா, வாசிக்கத்தான் தெரியும். எழுதுறது எங்க லட்சுமி." லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, அதற்கும் பிறகு அரசியலுக்கு வந்த மனிதர். தாளில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். இருப்பதில் ஒரு வார்த்தையை விடவும் மாட்டார். முதல் வரியில் தொடங்கி வரிசையாக வாசிப்பார். அவைத் தலைவர் மணியடித்தால், எந்த ஊர் பாதியில் நின்றாலும் சரி, "நன்றி, வணக்கம்" என்று உட்கார்ந்துவிடுவார். மணிக்குப் பிறகும் கத்திக்கொண்டிருப்பது அவருக்கு மரியாதைக் குறைச்சல்.

யோகலட்சுமிக்கு நாற்பத்தேழு வயது. பதினைந்து வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவள். இன்ஸ்டிடியூட்டை மூடியதும் மனு தட்டச்சு செய்ய எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வந்தாள். வந்த ஆறு மாதத்தில் எந்த மனு எந்தத் துறைக்குப் போகும், எந்த அதிகாரி மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. சும்மா உட்கார மட்டும் அவளுக்கு வராது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பாள். "ஏத்தா, உன்னைப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வருது" என்பார் ஈஸ்வரன்.

பட்ஜெட் விவாதத்தில் எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். தொகுதிக்கான கோரிக்கைகளை எட்டாகச் சுருக்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பார்த்துத்தான் யோகலட்சுமி அனுப்புவாள். கட்சித் தலைவரைப் பாராட்ட அரைப் பக்கம் ஒதுக்குவாள். சென்னையில் கட்சிக்காரர்கள் அதை இரண்டு பக்கமாக்கிவிடுவார்கள். பாராட்டுக்கு என்றைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது? ஆக ஒவ்வொரு வருடமும் ஏழு கோரிக்கைகள் சபைக் குறிப்பில் ஏறும். எட்டாவதுக்கு மணியடித்துவிடும்.

அந்த எட்டாவது எப்போதும் அவள் பிறந்த ஊர்தான். தேவகோட்டைக்குத் தெற்கே நெடுங்குளத்துப்பட்டி. ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை, ஓடையில் ஒரு தரைப்பாலம். ஐப்பசி மழை வலுத்தால் பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடும். இரண்டு நாளைக்கு ஊர் தனித்தீவு. அங்கே உயர்மட்டப் பாலம் வேண்டும் என்பதை அவள் ஆறு வருடம் எழுதினாள், ஆறு வருடமும் கடைசியில் எழுதினாள்.

இதில் அவளைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வளர்ந்த விதம் அப்படி. அவர்கள் வீட்டில் காதுகுத்து, கல்யாணம் எது நடந்தாலும் வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமத்திருக்கும். அதைச் சொல்லிக் குறைபட்டவர் அந்த வீட்டில் கிடையாது. சட்டமன்றத்துத் தாளையும் அவள் வீட்டுப் பந்தியாகவே நினைத்துவிட்டாள். அப்பா செம்மலையும் அதைத்தான் சொன்னார். "நம்ம ஊரை முன்னால போட்டுராதத்தா. நாக்கு மேல பல்லைப் போட்டு நாலு பேரு பேசிருவாக."

போன ஐப்பசியில் அந்த அப்பாவுக்குத்தான் நெஞ்சுவலி வந்தது. காலை பத்து மணி. தம்பி சின்னக்கருப்பு போன் செய்ததும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அதில் குறையில்லை. வந்து அக்கரையில் நின்றது. இக்கரையில் கட்டிலோடு நாலு பேர் நின்றார்கள். நடுவில் தண்ணீர். கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள், இழுத்தது. பன்னிரண்டு மணிக்குக் கட்டிலைத் திருப்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காரைக்குடியிலிருந்து ஓடிய யோகலட்சுமியும் ஆம்புலன்ஸ் பக்கத்தில்தான் நின்றாள். அப்பாவின் கால் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தது. அதற்கு மேல் அவளால் எதையும் பார்க்க முடியவில்லை.

அடுத்த பட்ஜெட் வந்தது. மார்ச் மாத வெயிலில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, நெடுங்குளத்துப்பட்டியை முதல் கோரிக்கையாக எழுதினாள். எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள், அடிக்கவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஏழாவதாக இருந்தது எட்டாவதாயிற்று.

இந்த வருடப் பட்டியலில் ஏழாவதாக இருந்தது சீதையின் ஊர், புளியடிவயல். சீதை வயல் வேலைக்குப் போகிறவள். ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும், பஸ் கிடையாது. பையன்கள் சைக்கிளில் போய்விடுகிறார்கள், பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். சீதையின் மகள் பொன்னழகு இந்த வருடம் எட்டாம் வகுப்பு. வேலையைவிட்டு, பஸ் ஏறி, பதினோரு தடவை சீதை இந்த அலுவலகப் படியேறியிருக்கிறாள். "இந்த வருசம் பேசிட்டாகன்னா எங்க வீட்டுக்காரரு ஒத்துக்குவாருக்கா. பள்ளிக்கூடம் வரப்போகுதுன்னு சொல்லி ஒரு வருசம் தள்ளிருவேன். இல்லாட்டி புள்ளைய நிப்பாட்டிருவாரு" என்று போன வாரம்தான் சொல்லிவிட்டுப் போனாள். ஏழாவதாக வரும் என்று யோகலட்சுமியும் சொல்லியிருந்தாள்.

யோகலட்சுமி பாராட்டை நாலு வரியாகக் குறைத்தாள். கோரிக்கைகளில் 'மற்றும்', 'மேலும்' எல்லாவற்றையும் எடுத்தாள். கடிகாரத்தை வைத்து மூன்று முறை வாசித்தாள். ஒன்பதரை நிமிடம். எட்டும் வந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சென்னையில் நாலு வரி நாற்பது வரியாகும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் அனுப்பினாள்.

பேச்சு நாளன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். மனு கொடுக்க வந்த ஒருவரிடம் இரண்டு தடவை பெயர் கேட்டாள், இரண்டு தடவையும் எழுத மறந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு, சென்னையில் எம்.எல்.ஏ.வோடு இருக்கும் உதவியாளர் முத்துக்கண்ணன் போன் செய்தான்.

"அக்கா, கெட்டிக்காரியா இருக்கீக. பாலத்தை வாசிச்ச உடனே மந்திரி எந்திரிச்சுட்டாரு. இந்த வருசமே எடுத்துக்கிறோம்னு சபையிலயே சொல்லிட்டாரு. நம்ம அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு."

"மத்ததெல்லாம்?"

"வந்துச்சுக்கா. கடைசி ஒண்ணு மட்டும் மணியடிச்சுட்டாக. அது வழக்கம்தானே."

வீடியோவும் வந்தது. பாலம் வரும் இடத்தை அவள் கேட்கவில்லை, நேராகக் கடைசிக்குத் தள்ளினாள். ஏழாவதை முடித்துவிட்டு ஈஸ்வரன் தாளைத் திருப்புகிறார். "எட்டாவதாக, புளி..." என்கிறார். மணி. "நன்றி, வணக்கம்." உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். ஊரே பாலத்தடியில் நிற்கிறது, வெடி போடுகிறார்கள், எம்.எல்.ஏ.வுக்கு பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று. "ஒன் படத்தையும் ஓரமாப் போடச் சொல்லிருக்கோம்க்கா. அப்பா இருந்தா..." என்றான். யோகலட்சுமி அழுதாள். சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பொய். இனி யாரும் தன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கரையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துவிட்டு அவள் முதலில் பார்த்தது வாசலைத்தான்.

மறுநாள் காலை சீதை வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பேசுனாகளாக்கா?"

இந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நேரம் போதவில்லை, எழுத்தில் கொடுத்திருக்கிறோம், அடுத்த முறை கட்டாயம் பேசுவார். யோகலட்சுமியே ஆயிரம் பேரிடம் சொன்னதுதான். அன்றைக்கு அதை அவள் எடுக்கவில்லை.

"இல்லத்தா. உங்க ஊரு வர்றதுக்குள்ள மணியடிச்சுட்டாக. உங்க ஊரைக் கடைசியில வச்சது நான்தான்."

"ஏழாவதா வருதுன்னு சொன்னீகளே."

"ஏழாவதாத்தான் இருந்துச்சு. எங்க ஊரு பாலத்தை முதல்ல கொண்டுபோனேன். எங்க அப்பா..." சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். அது இவளிடம் சொல்லக்கூடிய நியாயம் இல்லை என்று பட்டது.

சீதை கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. சீதை சுவரில் ஒட்டியிருந்த தொகுதி வரைபடத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதில் தன் ஊர் எங்குட்டு இருக்கிறது என்று தெரியாது.

"அந்தத் தாளு இருக்காக்கா?"

"இருக்கு."

"எங்க ஊருக்கு என்ன எழுதிருந்தீகன்னு கொஞ்சம் வாசிங்க. நான் கேட்டதே இல்ல."

யோகலட்சுமி கோப்பைத் திறந்து நகலை எடுத்தாள். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க மனம் வராமல் எழுந்து நின்றாள். "எட்டாவதாக, புளியடிவயல் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டு அங்கே எட்டாம் வகுப்பு முடிக்கும் பத்தொன்பது மாணவிகளுக்கு மேற்கொண்டு படிக்க ஆறு கிலோமீட்டருக்குள் பள்ளி இல்லை. அவர்கள் படிப்பை நிறுத்திவிடாமல் இருக்க அரசு ஆவன செய்ய வேண்டும்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். சீதை இன்னும் காது கொடுத்தபடியே நின்றாள், மீதி வரும் என்று.

"அம்புட்டுத்தான் சீதை."

"அம்புட்டுத்தானா?" என்றாள் சீதை. "இதை வாசிக்கவாக்கா நேரமில்லாமப் போச்சு?"