பத்துக் காசு பாக்கி

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலையில் காஜா பேராங் தெருவிலிருந்த பொன்னுதுரையின் மளிகைக் கடைக்கு முதல் ஆளாக வருகிறவள் அஞ்சலை. அவள் புருஷன் கருணாகரன் ரோடு காண்ட்ராக்டரிடம் தார் ஊற்றும் கூலி. அவனுக்கு நாலாம் தேதி சாயங்காலம் சம்பளம். மறுநாள் பொன்னுதுரை கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டுத் திரும்பும்போது, முந்தானையில் முடிந்த பணத்தோடு அவள் அரிசி மூட்டை ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். ஜப்பான்காரன் போன அடுத்த வருஷம் தொடங்கி, பதினொரு வருஷம் அப்படி நின்றாள்.

அந்தக் கடையில் வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு. மூலையில் ஓட்டையிட்டு நூல் கோத்து, வரிசையாக ஆணிகளில் தொங்கும். அஞ்சலையின் நோட்டு முடியும் போதெல்லாம் அதைத் தூக்கிப் போட விடாமல், புது நோட்டை அதோடு சேர்த்து அவளே ஊசி நூல் கொண்டு தைத்துக் கொடுப்பாள். மூன்று நோட்டுகள் சேர்ந்து செங்கல் மாதிரி தடித்துப் போயிருந்தன. பொன்னுதுரை மாதம் நாற்பது வெள்ளி வரைக்கும் அவளுக்குச் சாமான் கொடுக்கத் தயார். அவள் இருபதைத் தாண்டியதே இல்லை. கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்குகிற கை இல்லை அது. ஒரு மாதம் காண்ட்ராக்டர் சம்பளத்தைத் தள்ளிப் போட்டபோது, நாலாம் தேதி சாயங்காலமே கடைக்கு வந்து, "அண்ணே, இந்த மாசம் பத்தாந்தேதிதானாம். நாளைக்கு என்னை எதிர்பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பொன்னுதுரை ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கடன் இழுத்தடிக்கிற பெண்கள் யார் வந்தாலும், "அஞ்சலையைப் பாத்துக் கத்துக்கணும்" என்பார். அந்தப் பெண்களுக்கு அவளைப் பிடிக்காது.

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு முதல் நாள் தெருவெல்லாம் தோரணம். காண்ட்ராக்டர் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்து, மேலே இருபது வெள்ளியும் கொடுத்திருந்தார். கருணாகரன் இரண்டு கிளாஸ் கள்ளோடு, சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தான்.

"ஏ புள்ள, நாளைக்கு நாடே சொந்தமாவுது. நாம மட்டும் கடன்காரனா இருக்கணுமா? எல்லாத்தையும் அடைச்சிட்டு வா."

அவளுக்கும் அந்த எண்ணம் இனித்தது. பதினொரு வருஷத்தில் அந்த நோட்டு ஒரு நாள்கூடச் சுத்தமாகக் காலியானதில்லை. அடைத்த கையோடு அடுத்த மாதச் சாமான் ஏறிவிடும்.

கடையில் கூட்டம். பணத்தை எண்ணி வைத்ததும் பொன்னுதுரை பத்துக் காசை மட்டும் ஒதுக்கி அவள் பக்கமே தள்ளினார்.

"இது நிக்கட்டும் தங்கச்சி. முழுசா அடைச்சா உறவு அறுந்துச்சுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா கணக்கை முடிக்காதே."

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். தீபாவளிக்குப் பாக்கி தீர்க்கிறவர்களும் ஐந்து காசோ பத்துக் காசோ விட்டுவிட்டுத்தான் போவார்கள். அஞ்சலைக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"வேணாண்ணே. பத்துக் காசா இருந்தாலும் கடன் கடன்தானே. நோட்டையும் குடுத்துருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பொன்னுதுரை அண்ணே, அடுத்த வாரம் ஒங்க கடையவே வெலைக்குக் கேப்பா பாருங்க!"

பொன்னுதுரையின் முகம் சிவந்தது. பத்துக் காசை எடுத்துப் பெட்டியில் போட்டார். ஆணியிலிருந்து அந்தத் தடித்த நோட்டை உருவி, அவள் கையில் கொடுக்காமல், மேசைமேல் வைத்தார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஏடு ஏடாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அன்று ராத்திரிச் சோறு அந்த நெருப்பில்தான் கொதித்தது.

அதற்கப்புறம் எல்லாம் ரொக்கம். சீனன் கடையில் அரிசி ஒரு கட்டி நிறைக்கு இரண்டு காசு மலிவு. பொன்னுதுரை கடை வாசலைத் தாண்டும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். கோபமில்லை, கூச்சம். பொன்னுதுரை அதைக் கூச்சமென்று எடுத்துக்கொள்ளவில்லை.

புது வருஷம் பிறந்ததும் கருணாகரனுக்கு இருமல் கண்டது. தார்ப் புகை என்று நினைத்தார்கள். மாசி மாதம் சளியில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு வருஷமாவது ஆகும் என்றார் டாக்டர். தினக்கூலிக்காரனுக்குப் படுத்தால் சம்பளம் ஏது?

அவர்களுக்கு ஒரே மகள், சீதா. பன்னிரண்டு வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். சீருடையான நீலப் பினஃபோரும் வெள்ளைச் சட்டையுமாக அவள் போவதை, தெருக்கோடி திரும்பும் வரை அஞ்சலை பார்த்துக்கொண்டிருப்பாள். தெங்கேராவில் ஒரு பெரிய வீட்டில் குழந்தை தூக்கவும் துணி துவைக்கவும் பெண் தேடினார்கள். சோறு போட்டு மாதம் பதினைந்து வெள்ளி. சீதாவைக் கேட்டு ஆள் வந்தது. அஞ்சலை, "பத்து நாள் பொறுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தப் பத்து நாளில் அவள் ஒரு தையல் மிஷினைத் தவணைக்கு வாங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டு மல்லிகா மலாய்க்காரப் பெண்களுக்கு பாஜு கூரோங் உடை தைப்பவள். நோன்புப் பெருநாள் வர இருந்தது. தன்னால் முடியாத அளவுக்குத் துணி குவிந்து கிடக்கிறது, பாதியை உனக்குத் தருகிறேன் என்றாள். அஞ்சலைக்கு மல்லிகாவின் மிஷினில் பழகிய கை. காதுத் தோட்டை விற்று முன்பணம் முப்பது வெள்ளியைத் தேடிவிட்டாள். மாதம் பத்து வெள்ளி தவணை. தைத்தால் அதற்கு மேலேயே கிடைக்கும்.

மிஷின் கம்பெனி ஏஜெண்டு கலியாணசுந்தரம் சைக்கிளில் வந்தான். வெள்ளைக் கால்சட்டை, தோல் பை. கம்பெனி ஆபீஸ் பண்டார் ஹிலிரில். பாரத்தை விரித்துப் பேர், வயது, வீட்டு வாடகை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான்.

"எந்தக் கடையில கணக்கு, அக்கா?"

"பொன்னுதுரை அண்ணன் கடையில. பதினொரு வருசம். ஒரு மாசம் தவறினதில்ல."

"அருமை! நோட்டு இருக்கா? ஆபீஸ்ல காட்டணும்."

அஞ்சலை அடுப்பைப் பார்த்தாள். "இல்லீங்க தம்பி. அடைச்சு முடிச்சாச்சு. எரிச்சுட்டேன்."

கலியாணசுந்தரம் பேனாவை மூடினான். "சரி, பரவால்ல. கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

கேட்டான். அவன் கேட்டபோது மல்லிகா அங்கே உளுந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் பிறகு வந்து சொன்னாள்.

"அஞ்சலைக்கு ஒங்க கடையில கணக்கு உண்டான்னு ஏஜெண்டு கேட்டாரு. 'இல்லை'ன்னாரு பொன்னுதுரை அண்ணன். 'முன்ன இருந்துச்சாமே'ன்னாரு. 'இருந்துச்சு, முடிச்சிட்டுப் போயிட்டா'ன்னாரு. 'ஏன் போனாங்க?' 'அத அவகிட்டதான் கேக்கணும்.' அவ்வளவுதாண்டி. கெட்டதா ஒன்னும் சொல்லல. நல்லதாவும் ஒன்னும் சொல்லல."

அஞ்சலை அன்று மத்தியானம் சோறு உண்ணவில்லை. ஒரு கடை போனால் என்ன, நாலு கடை இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. முகம் தெரியாதவர்களிடம் வாய் திறக்கவே கூசுகிறவள், மறுநாள் காலையில் சீனன் கடைக்குப் போய்க் கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கடை முதலாளி தவுக்கே கையை விரித்தான். மலபாரி காக்கா கடையில் கேட்டாள். "நோக்கட்டே" என்று தட்டிக்கழித்தார் காக்கா. மசாலை அரைக்கிற கடையிலும் கேட்டாள். ஒவ்வொரு கடையிலும் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. "அஞ்சலை மூணு கடையில கணக்குக் கேட்டு அலையறா. பொன்னுதுரை வெரட்டி விட்டுட்டாரு போல. ஆஸ்பத்திரியில கெடக்கிற புருசன் பொழைக்க மாட்டானாம்."

ஒன்பதாம் நாள் கலியாணசுந்தரம் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மண்ணில் ஊன்றி நின்றான்.

"மன்னிச்சுருங்கக்கா. ஆபீஸ்ல ஒத்துக்கல."

"நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லீங்களே தம்பி!"

"அதாங்கக்கா வம்பு. பாக்கி வச்சுத் திருப்பிக் குடுக்கிற ஆளைத்தான் அவங்களுக்குத் தெரியும். ஒங்களப் பத்திச் சொல்ல இப்ப யாரும் இல்ல. அதுக்கு மேல, ஒரே நாள்ல மூணு கடை ஏறிட்டீங்க. அதையும் கேட்டுட்டு வந்துட்டாங்க."

மிச்சமிருந்தது ஒரு நாள். அஞ்சலை பொன்னுதுரை கடைக்குப் போனாள். மத்தியான நேரம், கடையில் ஆளில்லை. அவள் பழைய இடத்தில், அரிசி மூட்டை ஓரமாக நின்றாள். அவளுடைய ஆணியில் இப்போது வேறு யாருடைய நோட்டோ தொங்கியது.

"அண்ணே, ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. பதினொரு வருசம்னு."

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டதுக்கு உள்ளதைத்தானே சொன்னேன் தங்கச்சி."

"தப்புதாண்ணே. அன்னிக்கு ஏதோ ஒரு நெனப்புல..."

"அன்னிக்கு அத்தன பேர் முன்னால என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அத விடு. இப்ப நான் எழுதினா, போன ஏழு மாசம் எங்கன்னு கேப்பான். என்ன சொல்ல? சீனன்கிட்ட வாங்கினான்னு சொல்லவா?" பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு புது நோட்டை எடுத்தார். மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டார். "இன்னிலேருந்து ஆரம்பி. ஒரு வருசம், ரெண்டு வருசம் ஓடட்டும். நானே ஆபீசுக்குப் போய்ச் சொல்றேன்."

"எனக்கு நாளைக்கு வேணும்ணே."

"நாளைக்குள்ள நோட்டு எப்படி ரொம்பும் தங்கச்சி?"

அவள் கையில் காசு இருந்தது. இருந்தும் பத்துக் காசுக்கு மல்லியைக் கணக்கில் கேட்டாள். அவர் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, முதல் வரியில் எழுதினார்.

மறுநாள் சீதா தெங்கேராவுக்குப் போனாள். பள்ளிக்கூடப் பையில்தான் மாற்றுத் துணியைக் கொண்டுபோனாள். புத்தகங்களை எடுத்து அம்மாவின் பெட்டிமேல் அடுக்கி வைத்திருந்தாள். "பினஃபோரத் தொவைச்சுப் போட்டுருக்கேன்மா. மடிச்சு வச்சுருங்க" என்றாள்.

அஞ்சலை ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள். மீதி நேரம் மல்லிகாவின் துணிகளுக்குக் கையால் ஓரம் அடித்துக் கொடுத்தாள். ஐந்தாம் தேதி தோறும் பொன்னுதுரையிடம் அடைத்தாள். பத்துக் காசை விட்டுவிட்டு வந்தாள். ஐப்பசி மழையில், தண்ணீர் தெருவில் கணுக்கால் அளவு நிற்கும்போது, கருணாகரன் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான். கோடித் துணி, கற்பூரம், எண்ணெய், வந்தவர்களுக்குக் காப்பித்தூள், சீனி, எல்லாம் பொன்னுதுரை கடையிலிருந்து கணக்கில் வந்தன. கருமாதி முடிந்து நாலு நாளில் ஐந்தாம் தேதி வந்தது. தாலியை விற்ற பணத்தோடு அவள் அரிசி மூட்டை ஓரமாக நின்றாள். கடை திறந்த பொன்னுதுரைக்கே திக்கென்றது.

"இந்த மாசம் இருக்கட்டுமே தங்கச்சி."

"இல்லண்ணே. எடுத்துக்குங்க."

புருஷன் செத்த மாதத்திலும் தேதி தவறாதவள் என்று அதைப் பொன்னுதுரை எல்லோரிடமும் சொன்னார். அந்த ஒரு மாதம் அவளுக்குச் சேர்த்த பேர், பழைய பதினொரு வருஷமும் சேர்த்ததைவிடப் பெரியது. சீனன் தவுக்கே அவளைக் கண்டால் கூப்பிட்டு, கணக்கு வைத்துக்கொள் என்றான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

அறுபதாம் வருஷம் ஜனவரியில் கலியாணசுந்தரம் வந்தான். இந்த முறை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"பொன்னுதுரை அண்ணன் ஆபீசுக்கே வந்துட்டாருக்கா, நோட்டோட! மேனேஜரு பாத்துட்டு, முன்பணம்கூட வேணாம்னுட்டாரு. ஒங்களுக்கு ரெண்டு மிஷின்கூடத் தருவாங்க."

"ஒன்னு போதும் தம்பி" என்றாள் அஞ்சலை.

மிஷின் வந்த வாரம் சீதா ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வந்தாள். பதினான்கு வயது ஆகியிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அஞ்சலை பெட்டியைத் திறந்து நீலப் பினஃபோரை எடுத்தாள். இரண்டு வருஷமாக மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. கேட்டுப் பாக்கலாமா?"

சீதா பினஃபோரை வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"என் கூடப் படிச்சவளுங்க ரெண்டு கிளாஸ் மேல போயிட்டாளுங்கம்மா. போய்ச் சின்னப் பிள்ளைங்க பக்கத்துல ஒக்காரவா?" என்றாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். "இதுக்கு உறை இல்லையா? தூசி படியுமே. இதையே வெட்டித் தைங்க."

"நல்ல துணிடி."

"அதான் சொல்றேன். வெட்டுங்கம்மா."

கத்தரிக்கோலைச் சீதாவே எடுத்துக் கொடுத்தாள். அஞ்சலை தோள் தையலைப் பிரித்தாள். துணியை விரித்து, அளவு பார்த்து, ஊசிக்கடியில் வைத்தாள். மிதிபலகையில் கால் வைத்ததும் மிஷின் ஓடத் தொடங்கியது.

சாயங்காலம் சீதாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நூல்கண்டு வாங்கப் பொன்னுதுரை கடைக்குள் நுழைந்தாள். கையில் காசு இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, அவளும் நீட்டவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.