கறுப்பதற்காக வெயிலில் உட்கார்ந்தவள்

கறுப்பே அழகு, காந்தலே ருசி என்பார்கள். காந்தலைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அடிபிடித்த சாம்பாரை மில்காரர்களுக்கு ஊற்றி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கறுப்பைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரே வெளுக்க வேண்டும் என்று ஸ்நோவும் பவுடரும் பூசிக்கொண்டிருந்த காலத்தில், கறுக்க வேண்டும் என்று போய் வெயிலில் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஒரு மில் வாசலில் எங்களுக்கு இட்லிக் கடை. கடை என்றால் மேலே நாலு கீற்று, கீழே இரண்டு அடுப்பு, முன்னால் ஒரு பலகை. அடுப்பில் என் நாத்தனார், பலகையில் நான். எடுத்து வைக்கிற கையும் என்னுடையது, பேசுகிற வாயும் என்னுடையது. பாதிப் பேர் இட்லிக்கு வந்தார்கள், பாதிப் பேர் என் வாய்க்கு வந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எதிர்ச் சுவரோரம் பெருவியாதிக்காரர், குஷ்டம் பிடித்தவர், ஒருவர் தகரக் குவளையோடு உட்கார்ந்திருப்பார். கடைசியில் மிஞ்சுகிற இரண்டு இட்லி அவருக்கு. ஒரு முழ உயரத்தில் இருந்து குவளைக்குள் போடுவேன். எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

ஒருநாள் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாக இருந்தது. வெற்றிலைக்குத் தடவின சுண்ணாம்பு என்று நினைத்துக் கழுவினேன். போகவில்லை. புடவையில் தேய்த்தேன். போகவில்லை. ஒரு மாசத்தில் பத்து விரல் நுனியும் வெளுத்தன. அப்புறம் உதட்டோரம். அப்புறம் மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. என் நிறத்துக்கு அது இருட்டில் ஏற்றின விளக்கு மாதிரித் தெரிந்தது.

முதலில் கவனித்தவன் ஒரு தறிக்காரன். ஆறடி உயரம், நாக்கு ஏழடி.

"இன்னாக்கா, வெள்ளைக்காரன் கப்பல் ஏறிட்டான்னு பாத்தா, உன் கைல எறங்கிட்டான் போலருக்கே."

"வாடகை குடுக்காம குந்தியிருக்கான்டா. நீ வந்து காலி பண்ணிக் குடு."

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிக்கிற வரைக்கும் பயமில்லை. சிரிப்பு நிற்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உழவர்கரையில் ஒரு நாட்டு வைத்தியர் பார்த்துவிட்டுக் கார்போக அரிசி கொடுத்தார். அரிசி என்று பேர்தான். கன்னங்கரேலென்று ஒரு விதை. இஞ்சிச் சாற்றில் ஊறவைத்து, அரைத்து, வெள்ளை இருக்கிற இடத்தில் மட்டும் தடவி, இளவெயிலில் காட்ட வேண்டும்.

"அரை நாழிகைதான். அதுக்கு மேல வேணாம், பொத்துப்பூடும்" என்றார்.

கொல்லையில் கல்மேல் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டு சூரியனைப் பார்த்திருப்பேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏண்டி, இருக்கற கறுப்பு போதாதா? உள்ள போயேன்."

"போதலைன்னுதான் குந்தியிருக்கேன்."

"எவளாவது கறுக்கறதுக்கு மருந்து பூசுவாளா?"

"என் நெறம் எனக்கு வேணும். உனக்கு வேணாம்னா சொல்லு, உன்னுதையும் சேத்து வாங்கிக்கறேன்."

பத்து நாள் ஒழுங்காகச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அரை நாழிகைக்கே மருந்து என்றால் அரை நாளைக்கு எவ்வளவு கறுக்கும் என்று கணக்குப் போட்டு, பதினோராவது நாள் உச்சி வரைக்கும் உட்கார்ந்தேன். சாயங்காலம் விரலெல்லாம் கொப்புளம். மறுநாள் உடைந்து நீர் வடிந்தது. பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அதுதான் தப்பு. வெள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்கள், சுற்றின துணியைப் பார்த்ததும் எதிர்ச் சுவரோரம் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தறிக்காரன் இலைக்கு நீட்டின கையை இழுத்துக்கொண்டான். "யக்கா, அப்படி வெச்சிடு. நானே எடுத்துக்கறேன்."

மறுநாள் பாதி இட்லி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. மூன்றாம் நாள் நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணி, நான் பலகைல குந்தறேன். நீ கொஞ்ச நாளு வூட்டோட இரு."

"கொஞ்ச நாளுன்னா?"

"கை ஆறட்டும்."

"கை ஆறிடும். வெள்ள போவலன்னா?"

அவள் அடுப்புக்குத் திரும்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கடை படுத்தால் இரண்டு குடும்பம் படுக்கும். ஆனால் அந்தப் பலகை எட்டு வருஷமாக நான் உட்கார்ந்து தேய்த்த இடம். அதை விட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டால், பிறகு என்னைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சரி, மூட வேண்டாம், திறந்த வாய்க்கு ஒரு பதிலாவது போடுவோம் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார். நான் மூடின நேரத்தில் மணிக்கட்டு வெள்ளையில் ஊசியால் குத்தினார். அவர் வயசையும் படிப்பையும் பார்க்காமல் திட்டிவிட்டேன்.

"நல்லா சுருக்குன்னு இருந்துதா?" என்றார் கோபமே இல்லாமல். "பெருவியாதித் தேமல்ல குத்தினா அநேகமா தெரியாது. உனக்கு அது இல்ல. நிறம் போயிருக்கு, அவ்வளவுதான். யாருக்கும் தொத்தாது."

கொப்புளத்துக்குக் களிம்பு கொடுத்தார். விதை தப்பில்லை, என் பேராசைதான் தப்பு என்றார். கறுத்த தோலைச் சுட்டால் சிலசமயம் கறையாகும், சிலசமயம் இருக்கிற நிறமும் போகும். நிறத்தை அவசரப்படுத்தக் கூடாது என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "முடி மொளைக்கிற எடத்துலதான் நிறமும் மொளைக்கும். மணிக்கட்டுல வரலாம். விரல் நுனில வர்றது கஷ்டம். இப்பவே சொல்லிடறேன்."

கை ஆறின மறுநாள், மில் சங்கு ஊதுவதற்கு முன்பே போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். துணி இல்லை. பத்து விரலையும் விரித்துப் பலகைமேல் வைத்தேன். வரிசை வந்து, நாலு அடி தள்ளி நின்றது.

தாலிக்கயிற்றில் தொங்கின ஊக்கைக் கழற்றினேன். அடுப்பு நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, தறிக்காரனிடம் நீட்டினேன்.

"குத்து."

"இன்னாக்கா இது?"

"பெருவியாதின்னா வலிக்காதாம், டாக்டர் சொன்னாரு. நான் இப்படித் திரும்பிக்கறேன். வெள்ள எங்க இருக்கோ, அங்க குத்து."

அவன் தயங்கினான். பின்னால் இருந்து யாரோ, "குத்துடா, தறியில பாவு நூலு கோக்கற கைதானே" என்றார்கள். குத்தினான். கொஞ்சம் பலமாகவே குத்தினான். நான் அவனை, அவன் அப்பனை, அவனுக்குப் பெண் கொடுத்தவனை எல்லாம் வரிசையாக இழுத்து நிறுத்தினேன். சங்கு ஊதுகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"யக்காவுக்கு ஒண்ணுமில்லடா" என்றான் அவன் கூட்டத்தைப் பார்த்து. "வாய் நல்லா இருக்கு. நாலு இட்லி வை."

கையை நீட்டி வாங்கினான். பிறகு மற்றவர்கள்.

கூட்டம் உள்ளே போனதும், ஜெயித்த மிதப்பில் மிஞ்சின இட்லியை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"உனக்கு வலிக்குது, நல்லதும்மா" என்றார். "எனக்கு வலிச்சிருந்தா நானும் கையக் காட்டியிருப்பேன்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பதை எத்தனை பேருக்கு எடுத்துவிட்டிருப்பேன். ஒரு முழ உயரத்தில் என் கை நின்றுகொண்டிருந்தது. குனிந்து, குவளையைப் பிடித்து, இட்லியை உள்ளே வைத்தேன்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் நான் திரும்பியதும், "இப்பத்தான் ஜனங்க திரும்பி வந்துருக்காங்க."

"வந்தவன் துன்னட்டும். போறவன் போவட்டும்."

சிலர் போனார்கள். முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். பசி பெரியது.

அதற்கப்புறம் அளவாக வெயில் காய்ந்தேன். மணிக்கட்டில் கடுகு சிதறின மாதிரிப் புள்ளி புள்ளியாக நிறம் வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு வருஷத்தில் மூடியது. உதட்டோரம் பாதி வந்தது. விரல் நுனி, டாக்டர் சொன்ன மாதிரியே, வரவில்லை. பிரெஞ்சுக்காரன் காகிதத்திலும் ஊரை முழுசாக விட்டுக்கொடுத்த வருஷம் விதை அரைப்பதை நிறுத்தினேன். மாவாட்டுகிற கல்லில் விதை வாசனை வரும் என்று நாத்தனாருக்குக் கவலை வேறு.

புது ஆள் யாராவது வேலைக்குச் சேர்ந்தால் என் விரலைப் பார்ப்பான். தறிக்காரன் உடனே, "ஊக்க எடுத்துக் காட்டுக்கா" என்பான். நான் காட்டுவதில்லை. எதிர்ச் சுவரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இனி அதைக் காட்ட என்னால் முடியாது. ஊக்கு தாலிக்கயிற்றிலேயே தொங்கட்டும். வெள்ளை விரலால் இட்லியை எடுத்து இலையில் வைத்து, அந்தப் புது ஆளின் முகத்துக்கு நேரே நீட்டுவேன்.

"துன்றியா, நகர்றியா? பின்னால ஆள் நிக்குது."