நாயை அடிக்காதிருக்கக் கோரும் மனு

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு? சங்கு ஊதுனா மணி இன்னான்னு தெரியப்போவுது. அதுக்கு மேல தெரிஞ்சிக்க இன்னா கீது?"

நான் எட்டாம் வகுப்பில் சேர்ந்த அன்று பக்கத்து வீட்டு மாமா இப்படிக் கேட்டார். உறவில் மாமா இல்லை. சுரங்கக் குடியிருப்பான எங்கள் லைனில் அப்பா வயதில் இருக்கும் எல்லாரும் மாமாதான். சுரங்கத்தில் பாறையில் துளை போடும் மெஷின் பிடிப்பவர். என் அப்பாவும் அவரும் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், ஒரே கேஜில் இறங்கி ஒரே கேஜில் ஏறுகிறவர்கள் என்பதால், என் படிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை தனக்கும் உண்டு என்று நினைத்திருந்தார்.

பதிலுக்குப் பத்தாம் வகுப்பு வரை போனேன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். லைனில் இருந்த பதினெட்டு வீடுகளுக்கும் கடிதம் எழுதுவது, படிப்பது, மருந்துச்சீட்டைப் பார்த்து முகத்தைச் சுருக்குவது எல்லாம் என் வேலை. மருந்துச்சீட்டு எனக்கும் புரியாது. ஆனால் நான் முகத்தைச் சுருக்கினால் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

அந்த மாமாவிடம் ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். தப்பு என்று சொல்ல அதனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஷிப்ட் மாறும்போது மைன்ஸ் சங்கு ஊதினால் கூடவே ஊளையிடும். சங்கு நிறுத்தினாலும் இது நிறுத்தாது. சுரங்கத்து மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் மிகப் பெரிய நாய் ஒன்று இருப்பதாகவும், அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை என்றும் அது நினைத்திருக்க வேண்டும்.

மாமாவுக்குக் காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட் இருக்கும் வாரங்களில் இது பெரிய வேடிக்கை. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சங்கு ஊதும்போது நாயின் வாயைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பு முதலில் நாய்க்கு, பிறகுதான் அவருக்கு. நைட் ஷிப்ட் வாரம் வந்தால் கதை மாறிவிடும். மத்தியானம் இரண்டு மணிச் சங்குக்கு நாய் ஊளையிடும். தூக்கம் கலைந்த மாமா லுங்கியோடு வெளியே வருவார். கையில், வேலைக்குப் போகும்போது லைட்டு பேட்டரி மாட்டிக்கொள்ளும் அகலமான தோல் பெல்ட் இருக்கும். நாய்க்கு ஓடத் தெரியாது. தன்னை வளர்த்தவர் வருகிறார் என்று வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும். அடி விழுந்த பிறகும் சற்று நேரம் ஆட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

யாரும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். எங்கள் லைனில் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கும் வீட்டு வாசலில் ஒரு கோணிப்பையைத் தொங்கவிடுவார்கள். கோணி தொங்கினால் அந்த வீட்டைச் சுற்றிச் சத்தம் கூடாது. கீரைக்காரி கூவமாட்டாள், கூடையைக் காட்டிவிட்டுப் போவாள். எங்கள் தட்டிச் சுவரில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், அப்படி. குழாயடிச் சண்டைகூட அந்த நேரத்தில் குசுகுசுவென்றுதான் நடக்கும். இரண்டு பெண்கள் இடுப்பில் கைவைத்து, கண்ணை உருட்டி, "நீ நல்லா இருப்பியாடி" என்று காதோடு ரகசியம் போலச் சாபம் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் நாய் அடி வாங்கும்போது யார் குரல் எழுப்புவது? எல்லாரும் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாள் நானும் குடத்தோடு அங்கே நின்றேன். மாமா பெல்ட்டோடு வந்தார். எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. கீழே சுரங்கத்தில் துரைமார் காலத்திலிருந்தே உத்தரவு எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். தமிழில் எத்தனை சொன்னாலும் அசையாத ஆண்கள் இங்கிலீஷில் ஒரு சொல் கேட்டால் அப்படியே நிற்பார்கள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆகவே நான் முன்னால் போய், பள்ளிக்கூட நாடகத்தில் நடித்த குரலில், "ஸ்டாப் இட் அட் ஒன்ஸ்" என்று கத்தினேன்.

மாமா நிற்கவில்லை. ஆனால் மூன்றாம் வீட்டிலும் பன்னிரண்டாம் வீட்டிலும் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், தங்கள் வாசலில், எழுந்து. ஒருவர் தலையில் சுரங்கத் தொப்பியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "எங்க, ஆபீசர் எங்க?" என்றார். ஆபீசர் வரவில்லை, குடத்தோடு நான்தான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் இருவருக்கும் வந்த கோபம் நாய் மேல் இல்லை, மாமா மேலும் இல்லை. கோணி தொங்கும் வீட்டுக்கு முன்னால் கத்தினவள் நான். குற்றவாளி நான்.

பத்துப் பேர் பார்ப்பதால் மாமா அன்று வழக்கத்தைவிட இரண்டு அடி கூடுதலாகவே போட்டார். அதை நான் எண்ணினேன். அந்த இரண்டு அடியும் என் இங்கிலீஷுக்கு விழுந்தவை. கூட்டத்தின் முன்னால் ஒருவரை வெட்கப்படுத்தினால் அவர் கை இறங்காது, இன்னும் ஓங்கும். தூரத்தில் நின்று கத்துகிறவருக்கு மனசு லேசாகும், முதுகு வலிப்பது நாய்க்குத்தான். இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. அன்று அந்த நாய் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அவரிடமே போய் மெதுவாகக் கேட்டேன். சங்கும்தான் அவ்வளவு சத்தம் போடுகிறது, அதை நீங்கள் ஒன்றும் சொல்வதில்லையே மாமா என்றேன்.

"சங்கு கம்பெனிது. நாய் என்னுது" என்றார்.

அதற்கு மேல் வாய்ப்பேச்சு பயன்படாது என்று தெரிந்தது. என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் பேனா. அதற்கு முந்தைய வருடம் குழாயில் தண்ணீர் வராதபோது நான் எழுதிய மனுவில்தான் தண்ணீர் வந்தது. குழாய் சரிசெய்கிறவர் எப்படியும் அன்று வருவதாக இருந்தார் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பேச்சை விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, மாமாவுக்கு மத்தியான ஷிப்ட் நடக்கும்போது, முழு வெள்ளைத்தாளில் மார்ஜின் விட்டு எழுதினேன். அனுப்புநர்: கீழே கைநாட்டு வைத்துள்ள லைன் குடியிருப்போர். பெறுநர்: ஏழாம் வீட்டு மாமா அவர்கள். பொருள்: நாயை அடிக்காதிருக்கக் கோருதல். உள்ளே, வாயில்லாப் பிராணி என்று எழுதி, கோடு போட்டு அடித்துவிட்டேன். இந்த நாய்க்கு வாய்தானே பிரச்சினை.

மைத் துணியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எதிர்ப்பு வரும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாதம் தயார் செய்திருந்தேன். யாரும் வாதத்துக்கு இடம் தரவில்லை. படித்த பெண் தாள் கொண்டுவந்தால் கட்டைவிரலை நீட்ட வேண்டும், அது எங்கள் லைன் பழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் விரல் மையில் இருக்கும். ஒரே ஒரு அக்கா மட்டும் எதற்கு என்று கேட்டார். நாய் விஷயம் என்றேன். "நாய்ங்களுக்கும் தண்ணித்தொட்டி கேக்குறியா? கேளு, கேளு" என்று வாழ்த்தி வைத்தார். விளக்கிச் சொல்லத் தொடங்கினேன், அடுப்பில் சோறு பொங்குகிறது என்று போய்விட்டார்.

கடைசியில் ஏழாம் வீடு. மாமாவிடம் மனுவைக் கையில் கொடுத்து, மரியாதையாகப் படித்துக்காட்ட வேண்டும் என்பது என் திட்டம். அவர் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் தூங்கியது. தாளைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தார். அவர் மனைவி, எங்களுக்கு அத்தை, கை துடைத்துக்கொண்டு வர, "நான் கீறப்ப நீ எதுக்கு?" என்று அவரைத் தடுத்துவிட்டு, என் கையிலிருந்த துணியில் விரலை அழுத்தி, மற்ற பதினேழு கட்டைவிரல்களுக்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று வைத்தார்.

பிறகு, "இன்னா மனு?" என்றார்.

படித்தேன். பொருள் வரைக்கும் தலையாட்டினார். பெறுநரை நான் சற்று வேகமாகத் தாண்டியிருந்தேன். அவர் விடவில்லை.

"யாருக்குன்னு சொன்ன?"

"உங்களுக்குத்தான் மாமா."

"குடுக்கறது யாரு?"

"லைன்ல எல்லாரும். இப்ப நீங்களும்."

அவர் தன் விரலில் இருந்த மையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "அப்ப நானே எனக்கு மனு குடுத்துக்கினு கீறனா?" என்றார். உள்ளேயிருந்து அத்தை சிரித்த சிரிப்பில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. நாய் எழுந்து வாலை ஆட்டியது.

அவர் கோபப்படுவார் என்று, ஓடத் தோதாகச் செருப்பைப் பின்னுக்கு நகர்த்தி வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. வைத்தது வைத்ததுதான், இனி அடிக்க மாட்டேன் என்றார். பிறகு குரலை இறக்கி, அதுவரை நான் கேட்கத் தோன்றாத ஒன்றைச் சொன்னார்.

"ரெண்டு மணிக்கு எழுந்தா அப்புறம் எனக்குத் தூக்கம் வராது பொண்ணு. தூக்கக் கலக்கத்துல கீழ மெஷின் புடிச்சா கை போயிடும். உங்க அப்பாவைக் கேளு. அடிக்க மாட்டேன். வர்ற வாரம் நைட் ஷிப்ட்டு. சங்குக்கு அது ஊளை வுட்டுதுன்னா, கோணில போட்டு பூதிகோட்டைல எங்க மச்சான் தோட்டத்துல வுட்டுட்டு வந்துடுவேன். மனுல அடிக்கக் கூடாதுன்னுதானே எழுதிக்கீற?"

மனுவை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. விரட்டக் கூடாது, சாக்கில் கட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. பத்து வருடம் படித்த நான் எழுதிய தாளில், ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவர் ஒரே நிமிடத்தில் ஓட்டை கண்டுபிடித்தார். அதைவிட உறைத்தது, அவர் கையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுத நினைக்காமல் இருந்தது. அடிக்காதே என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்கு வேலை முடிந்தது. தூங்க முடியாதவருக்கும் ஊளையிடும் நாய்க்கும் அது முடியவில்லை.

எனக்கு இருந்தது நான்கு நாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள், ஆகவே இரண்டு மணிச் சங்குக்கு முன் நானும் அத்தையும் நாயைப் பிடித்து வைத்துக்கொண்டோம். காது கேட்காவிட்டால் ஊளை வராது என்பது என் விஞ்ஞானம். அத்தையின் பழைய துண்டை அதன் தலையைச் சுற்றிக் கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டேன். ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் புறப்பட்ட ஆயா மாதிரி இருந்தது. குழாயடியில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள், ஒன்பதாம் வீட்டில் கோணி தொங்கியதால் வாய்விட்டுச் சிரிக்க முடியாது. சங்கு ஊதியது. நாய் துண்டுக்குள்ளிருந்தே, வழக்கத்தைவிட உருக்கமாக ஊளையிட்டது. வேர்க்கடலை கொடுத்தோம். தின்றுவிட்டு மிச்சத்தை ஊளையிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்ததில் கிடைத்த ஒரே முடிவு, வாயை மூட முடியாது, வாசலைத்தான் மாற்ற வேண்டும் என்பது. இரண்டு மணிக்கு நாய் எங்கே வேண்டுமானாலும் ஊளையிடட்டும், மாமா தூங்கும் இடத்தில் வேண்டாம். ஆனால் அத்தை இழுத்தால் அது வாசலைத் தாண்டாது, நானோ இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

திங்கட்கிழமை இரவு மாமா நைட் ஷிப்ட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை வாசலில் கோணியைத் தொங்கவிட்ட அதே நேரத்தில், புத்தகப்பை ஒரு தோளில், நாயின் கயிறு மறு கையில் என்று நான் கிளம்பினேன். ஸ்கெலட்டன் பகுதி வழியாகப் போகும்போது டீக்கடைக்காரர், நாய்க்கு எத்தனையாவது வகுப்பு என்று கேட்டார். என் வகுப்புதான் என்றேன்.

எங்கள் தலைமையாசிரியை கலர் ரிப்பன் கட்டினாலே வெளியே நிறுத்துகிறவர். அவரிடம் நாயைப் பற்றி எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இங்கிலீஷ் வேண்டாம் என்று தீர்மானித்தேன். தாளும் எழுதவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு சத்தம் வரும், அதற்கு நான் பொறுப்பு, அந்த வாரம் முழுவதும் பின்பக்க மைதானத்துச் சுவரோரம் நானே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன், விட்டுப்போகும் கணக்குப் பாடத்தை மறுநாள் காலை சீக்கிரம் வந்து போடுகிறேன் என்று நேராகவே சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்டால் மாமாவின் கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், நாயின் முதுகைப் பற்றி அடுத்து.

பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே அவர் அறைக்கதவைத் தட்டினேன். "உள்ளே வா" என்றார். கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.