எல்லைக்குள் நான், கத்தியின் கீழ் அப்பா

சில வருடங்களுக்கு முன், எங்கள் கடற்கரை ஊரான உடப்பில் அம்மன் கோயில் தீமிதிப்புக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம் நடந்தது இது. காப்புக் கட்டியவர் தீ மிதிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எழுபதைத் தாண்டிய அப்பாவும் கட்டியிருந்தார். ஒரு வருடம்கூடத் தவறவிடாத பிடிவாதக்காரர்!

கரையில் படகு தள்ளும்போது அலை படகைத் திருப்பி அவர் இடுப்பில் அடித்துவிட்டது. வலியில் மயங்கியவரை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடை எலும்பு பொருந்தி நிற்கும் இடுப்புக் குழி உடைந்திருந்தது.

"ஒப்பரேஷன் செய்யோணும். உடம்பைத் தயார்படுத்த ரெண்டு மூணு நாள் எடுப்பம். அதுக்கு மேல சுணங்கினா கோணலா ஒட்டிரும். இந்த வயசில படுத்தே கிடந்தா நெஞ்சில சளி கட்டும், உயிருக்கே ஆபத்து" என்றார் டொக்டர்.

அப்பாவோ கண் விழித்ததும் கத்தினார். "காப்போட எல்லை தாண்ட வச்சிட்டீங்களேடா! தீமிதி முடியட்டும், காப்பை இறக்கிட்டு வாறன்."

தீமிதிக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். காப்போடு கத்தி வைத்தால் அம்மன் கோபிப்பாளோ, வைக்காவிட்டால் அப்பா போய்விடுவாரோ என்று வார்டு வாசலில் மேலும் கீழும் நடந்தேன். இதற்குள் அவருக்கு இருமலும் தொடங்கிவிட்டது. ஐயோ, டொக்டர் சொன்ன சளி வந்துவிட்டது என்று கோயில் பூசாரியாருக்குப் போன் எடுத்தேன்.

"நானும் காப்போட இருக்கிறன், வர ஏலாது. போனை அவன்ட காதில வை" என்றார். பிறகு அப்பாவிடம், "காப்பைக் கழட்டி மகன்ட கையில கட்டு. உன்ட நேர்த்திக்கடனுக்கு அவன் தீ மிதிப்பான். அம்மாளோட நான் கதைக்கிறன், நீ சும்மா கிட!" என்று அதட்டினார்.

அப்பா அழுதுகொண்டே எனக்குக் கட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காப்போடு நான் உடனே ஊர் திரும்ப வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு அம்மாவைத் தனியே விட்டு வந்தேன்.

மறுநாள் அப்பாவை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது நான் எல்லைக்குள் போனைப் பார்த்தபடி இருந்தேன். மத்தியானம் அது அடித்தது. எடுக்கப் பயந்து மனைவியிடம் நீட்டிவிட்டேன்.

"ஓம் மாமி... ஓம்..." என்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டினாள். நான் மணலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வருடம் தீ மிதித்தது எனக்குச் சரியாக நினைவில்லை. அப்பா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். ஆனாலும் யாராவது "திருவிழா முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று சொன்னால், இன்றும் நான் அப்போதே வேனுக்குப் போன் எடுத்துவிடுகிறேன்.