மூன்று கைகள் கோத்த பிரேஸ்லெட்

தினமும் காலையில் பல் துலக்குவதற்கும் முன்னால் என் மனைவியின் இடது மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன். தூங்குகிற பூனையின் வயிற்றைத் தொட்டால் எப்படி இருக்குமோ, அப்படி உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு இருக்க வேண்டும். "ஓடுதா?" என்று கேட்பாள். "ஓடுது" என்பேன். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறோம். அதற்காக அந்த மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிஸ்டுலா என்று பெயர். ஊசி இரண்டும் அந்தக் கையில்தான் ஏறும். அது அடைத்துக்கொண்டால் மறுபடியும் கழுத்தில் குழாய் போட வேண்டும். கழுத்துக் குழாயோடு அவள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன், இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அந்தக் கையில் குடம் தூக்கக் கூடாது, அதன்மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது, வாட்ச், வளையல் எதுவும் கூடாது.

நாளாக நாளாக நரம்பு புடைத்துக்கொண்டு முழங்கை வரை நெளிந்து நின்றது. ஒரு ஞானஸ்நான விருந்தில் அவளுடைய பெரியம்மா மகள் பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என்னாடி இது, கையில பாம்பு பூந்தாப்ல இருக்குது? வளையலும் இல்லாம மொட்டையா வேற வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டாள். இவள் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை அந்தக் கையைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடியது. பெரியம்மா மகளை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். குழந்தை ஓடியபோது என் மனைவியின் முகம் போன போக்கை மறக்க முடியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் வலது கை வளையலையும் கழற்றி வைத்துவிட்டாள். "ஒத்தக் கையில போட்டுக்கிட்டா இன்னும் அசிங்கமா தெரியும்" என்றாள். அதன்பின் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போவதில்லை. கோயிலுக்குக்கூட விடியற்காலைப் பூசைக்குப் போய், கடைசி வரிசையில் முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்காருவாள். முன்பெல்லாம் சொந்தத்தில் கல்யாணம் என்றால் பெண் வீட்டாருக்கும் முன்னால் போய் நிற்கிறவள் அவள்.

அந்த நேரத்தில்தான் அவள் தம்பி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு விட்டால் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். தம்பி போன பிறகு என் மனைவி பத்திரிகையை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூட வேன் ஓட்டியவன், கத்திக் கத்தியே பழகியவன். "பெத்த மவ மாதிரி வளத்துட்டு இப்ப என்னா வீம்பு?" என்று கத்தினேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கத்தி ஆகிற காரியம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருநாள் மாத்திரையை எண்ணும்போது அவள் கையில் அகலமாக ஒரு பாசி பிரேஸ்லெட் தெரிந்தது. வாட்ச் வாரைவிட அகலம். இது இருந்தால் மணிக்கட்டுப் புடைப்பாவது மறைந்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். தானே போட்டது என்றாள், போனில் பார்த்தால் யாரும் போடலாமாம். கீழ வீதியில் ஒரு பேன்சி ஸ்டோரில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய பாசிகளை நாலு நிறத்தில் வாங்கினேன். வளையல் கூடாது என்று சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அது கண்ணாடி, தங்கம் மாதிரிக் கனமான சங்கதிகளுக்கு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பாசியில் என்ன எடை இருக்கிறது?

பஸ்ஸில் அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கும்போது இடது மணிக்கட்டை நூலால் அளந்தேன். அவள் உள்ளே ஊசியோடு படுத்திருக்கும் நாலு மணி நேரமும் நான் வெளி வராந்தாவில் செருப்பு டப்பாவும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பேன். டப்பாவின் இரண்டு விளிம்பிலும் பல் பல்லாக வெட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழைகளை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். ஊசியில் ஒரு வரிசைக்கான பாசியைக் கோத்து இழைகளுக்கு அடியில் கொண்டுபோய், ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு பாசி ஏறும்படி விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு ஊசியை இழைகளுக்கு மேலாக, அதே பாசிகளுக்குள் திருப்பி விட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஸ்டியரிங் பிடித்த என் விரலுக்கு அது பெரிய தண்டனை. மீன் உருவம் கொண்டுவரப் பார்த்தேன், முருங்கைக்காய் மாதிரி வந்தது. நகர்ந்தால் புடைப்பு தெரியும் என்று கொஞ்சம் இறுக்கமாகவே முடித்துச் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது, பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் கையில் மாட்டிவிட்டேன். அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "மீனா இது?" என்று கேட்டுச் சிரித்தாள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் பாசிக்கு மேலேயே விரல் வைத்தேன். அதிர்வு கொஞ்சம் மந்தமாக இருந்தது. பாசி தடுக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். "ஓடுதா?" என்றாள். "ஓடுது" என்றேன். ஞாயிற்றுக்கிழமையும், திங்கட்கிழமை காலையிலும் அப்படியே சொன்னேன்.

அன்று ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும் வரை, செருப்பை வெளியே விட்டுவிட்டு, நானும் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். ஊசி போட வந்த சிஸ்டர் முந்தானையை விலக்கியதும் நின்றுவிட்டாள். மறுபேச்சுப் பேசாமல் கத்தரியை எடுத்து வெட்டினாள். பாசி தரையெல்லாம் சிதறியது. விரல் வைத்துப் பார்த்தாள், ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் பார்த்துவிட்டு, நல்ல வேளை அடைக்கவில்லை, ரத்தம் போவது குறைந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினாள். எனக்கு மகள் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். "படிச்சுப் படிச்சுச் சொன்னமா இல்லியா ஐயா? இந்தக் கை போச்சின்னா அவுங்களுக்கு என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று பிடி பிடியென்று பிடித்தாள். வேன் பிள்ளைகளையெல்லாம் கத்தியே அடக்கிய நான் செருப்பில்லாத காலோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த அதிர்வு பழையபடி வந்தது. சிஸ்டர் என் விரலை இழுத்து அங்கே வைத்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. "மன்னிச்சிடு, அது கனமில்லன்னு நெனச்சன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள் அவள்.

"தெரிஞ்சா அப்பவே சொல்றதுதான?"

"மாட்டி வுட்டப்ப உங்க மூஞ்சியப் பாத்தன். வாய் வரல."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு முருங்கைக்காய் மீனுக்காக, என் மூஞ்சிக்காக, உயிரோடு விளையாடியிருக்கிறாள். மூன்று நாள் விரல் வைத்தும் உண்மையைச் சொல்லாத நான் அவளைத் திட்டவும் முடியாது.

சிஸ்டர் கோபம் தணிந்து, சிதறிய பாசியை எல்லாம் மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் பொறுக்கிக் கொண்டுவந்து தந்தாள். என் மனைவி அந்தக் கப்பை வலது கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். பிறகு, "சிஸ்டர், சோத்துக் கையில போட்டா தப்பில்லியே?" என்று கேட்டாள். அதில் ஒன்றும் தப்பில்லை என்றாள் சிஸ்டர்.

"அப்ப இந்தக் கைக்குப் போடுவம். நல்லா அகலமா. எல்லார் கண்ணும் இதும் மேலயே இருக்கணும். அந்தக் கைய எவ பாக்கப் போறா?" என்றாள் என்னிடம். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயம்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, பாசியைக் கீழே சிந்தாமல் செய்வதாக இருந்தால் கட்டில் பக்கத்தில் உட்காரலாம் என்று சிஸ்டர் அனுமதி கொடுத்தாள். டிசைன் என் மனைவியுடையது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவள் போட்ட ஒயர் கூடை இருக்கிறது. அதில் சிவன் கண் என்கிற பின்னல் போட்ட கூடை அவளுக்குக் கைவந்த கலை. மாதா கோயிலுக்குப் போகிறவள் சிவன் கண்ணைப் போடலாமா என்று நான் கிண்டல் செய்வேன், "கண்ணு நல்லாத்தான இருக்குது" என்பாள். இடது கையில் இழுத்து முடிச்சுப் போடக் கூடாது என்று ஆன பிறகு கூடையையும் விட்டிருந்தாள். இப்போது அந்தக் கண்ணைப் பாசிக்குக் கொண்டுவரச் சொன்னாள். கருஞ்சிவப்பு நடுவில் தங்க நிறக் கட்டம், கட்டத்துக்குள் ஒற்றை வெள்ளைப் பாசி. பதினோரு பாசி அகலம்.

இடது கை ஊசியோடு அசையாமல் கிடக்கும். எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று, ஆக மூன்று கை. டப்பாவை அவள் வயிற்றுப் பக்கமாகச் சாய்த்து வைப்போம். அவள் வாயால் எண்ணிச் சொல்ல, நான் பாசியைக் கோத்து அடியில் விடுவேன். அவள் வலது கை விரலால் கீழிருந்து தூக்கிப் பிடிப்பாள். நான் மேலே ஊசியைத் திருப்புவேன். முதல் நாள் நாலு வரிசைதான் ஆனது. அதிலும் மூன்றாவது வரிசையில் வெள்ளை ஓர் இடம் தள்ளிப் போயிருந்தது.

"அவுருங்க" என்றாள்.

"ஒரு பாசிதான. எவ பாக்கப் போறா?"

"நான் பாப்பன்."

டப்பாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அவிழ்த்தேன். அடுத்தடுத்த வாரங்களில் எத்தனை தடவை அவிழ்த்தேன் என்று கணக்கில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பு அவள் உள்ளே கூரையைப் பார்த்துக்கொண்டும் நான் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டும் அந்த நாலு மணி நேரத்தை ஓட்டுவோம். இப்போது சண்டை போட்டுக்கொண்டே போனதில் மிஷின் நின்றது தெரியாமல் சிஸ்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணம் ஆன புதிதில் பேசியதைவிட அந்த ஆறு வாரத்தில் ஜாஸ்தி பேசினோம்.

கல்யாணம் வியாழக்கிழமை, சிதம்பரத்தில். காலையில் நான் விரல் வைத்துப் பார்த்து "ஓடுது" என்றதும் எழுந்து பட்டுப்புடவையை எடுத்தாள். வழக்கமான பஸ்தான். கண்டக்டர், "என்னா மாமா, இன்னிக்கு வியாழக்கெழமயாச்சே?" என்று கேட்டார். "கல்யாணத்துக்குப் போறம்" என்று பதில் சொன்னது அவள்.

அவள் போட்ட திட்டம் பலித்தது. கோயிலிலும் மண்டபத்திலும் பெண்கள் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெரியம்மா மகள்கூட, "எங்கடி வாங்குன? பாண்டியிலயா?" என்று கேட்டாள். இடது கை முந்தானைக்குள் பத்திரமாக இருந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மேடையில் எங்கள் முறை வந்தது. என் மனைவி பெண்ணின் நெற்றியில் வலது கைக் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். பெண் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அத்தை, எவ்ளோ அழகா இருக்குது! சின்ன வயசுல உங்க கூடையில இந்தக் கண்ண எண்ணிக்கிட்டே இருப்பன்" என்றாள்.

என் மனைவி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையிலிருந்து இடது கை வெளியே வந்தது. மேடை விளக்கு வெளிச்சத்தில், அத்தனை சொந்தமும் பார்த்திருக்க, புடைத்த நரம்பும் ஊசித் தழும்புமாக அந்தக் கை வலது கைக்கு வந்து பொத்தானை அவிழ்த்தது. ஆறு வாரம் கோத்ததை எடுத்துப் பெண்ணின் கையில், வளையல்களுக்கு மேலே, இரண்டு கையாலும் மாட்டிவிட்டாள்.

பெண்ணின் கண் அந்த மணிக்கட்டில் நின்றுவிட்டது. என் மனைவி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பயப்படாத. ரெண்டு வெரல வெச்சுப் பாரு" என்றாள்.

பெண் மருதாணி விரல் இரண்டை மெதுவாக வைத்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது அத்தை" என்றாள் பெண். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எனக்கும்தான். போட்டோக்காரர் கேமராவைப் பார்க்கச் சொன்னது என் காதில் விழவே இல்லை. படம் எடுத்து முடித்ததும் என் மனைவி, "வாங்க, பந்தி போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வளையல் இல்லாத இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, பெரியம்மா மகள் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்கு முன்னால் அவள் நடந்து போக, பின்னால் நான் போனேன்.